சாக்குக் கட்டாத வீடு

பழனியாண்டிக்குச் சிங்கங்கள் மேல் ஒரு மோகம். காட்டுச் சிங்கம் இல்லை, அதைக் கண்டால் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிற ஆள்தான் அவன். சிமெந்தில் வார்த்து, வாயைப் பிளந்து, கேட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பஸ்ஸில் போகிறவர்களை முறைக்கிற சிங்கம். கண்டி மலைப்பக்கத்து ஹுன்னஸ்கிரியவில் பெரிய ரோட்டோரமாக அவன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை, கதவு வரவில்லை, கக்கூசுக்குக் குழிகூட முழுசாக வெட்டவில்லை. சிங்கங்கள் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டன.

அவன் மனைவி ஞானேஸ்வரிக்கு அவற்றைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மழை பெய்தால் சிங்கத்தின் மேல் பொலித்தீன் போர்த்துகிற புருஷனைப் பார்த்தால் இன்னும் கூடப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு பேரும் மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்தில் பிறந்தவர்கள். அவன் கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டைல் கடையில் சேல்ஸ்மேன். வீடு கட்டுகிற பெரிய மனிதர்களுக்கு டைல் தூக்கிக் காட்டிக் காட்டி, தானும் ஒரு பெரிய மனிதன் என்ற எண்ணம் அவனுக்குள் நன்றாகவே ஊறிப்போயிருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது வீட்டுப் பக்கத்து ஜன்னல் சீட்டுக்காக ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் போவான். சொந்த வீட்டை பஸ்ஸிலிருந்து பார்த்து ரசிக்கிறவனை வேறெந்த ஊரிலும் காண முடியாது.

இத்தனைக்கும் அந்த வீடு சிங்கத்துக்காகத் தொடங்கிய வீடு இல்லை. மகள் சுவேந்தினிக்காகத் தொடங்கியது. பிள்ளைக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. பனிக்காலம் வந்தால் போதும், நெஞ்சு பூனை மாதிரி கத்தத் தொடங்கிவிடும், பிள்ளை மூச்சுக்குத் திண்டாடும். கண்டிக் கிளினிக்கில் டொக்டரம்மா மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பிள்ளை படுக்கிறதுக்கு ஈரம் படாத, குளிர் இறங்காத ஒரு ரூம் வேணும். அது இல்லாட்டி நீங்க இங்க வந்துகொண்டேதான் இருப்பீங்க" என்றார். அந்த வார்த்தையிலிருந்துதான் வீடு தொடங்கியது. அதில் ஈரம் படாத, குளிர் இறங்காத என்பதை ஞானேஸ்வரி பிடித்துக்கொண்டாள். ரூம் என்பதை மட்டும் பழனியாண்டி பிடித்துக்கொண்டான். பிடித்தவன் ஒன்றோடு நிறுத்தினானா? ஹோல், மூன்று ரூம், தனியாகக் குசினி, முன்னால் தூண் வைத்த போர்டிகோ என்று ஊதிக்கொண்டே போனான்.

கூரைக்குச் சிவப்புக் கலர் தகரம். தூரத்தில் பார்த்தால் ஓடு போலத் தெரியும், அதனால் அது.

தகரக் கூரையின் குணம் ஞானேஸ்வரிக்குத் தெரியாததா? பனி விழுகிற இரவில் வெறுந்தகரம் சும்மா இருக்காது. உள்ளே இருக்கிறவர்களின் மூச்சும் அடுப்பின் ஆவியும் போய் அதில் ஒட்டி, வேர்த்து, விடியப்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். லயத்தில் பிறந்த எல்லோருக்கும் அந்தச் சொட்டு பழக்கம். அதற்காகத்தான் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த ஒற்றை அறைக் காம்பரா ஒவ்வொன்றிலும் தகரத்துக்கு அடியில் சாக்குக் கட்டுவார்கள். உரச்சாக்கை ஆற்றில் போட்டு அலசி, தையலைப் பிரித்து, நாலைந்தாக ஒட்டுப்போட்டுத் தைத்து, கம்பியில் இழுத்துக் கட்டி, மேலே பழைய பேப்பரையும் ஒட்டுவார்கள். தீபாவளிக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கையோடு சாக்கையும் மாற்றுவார்கள். பார்க்க அழகாக இருக்காது, கருத்துத் தொங்கும், எலி ஓடும். ஆனால் சொட்டாது. இறங்குகிற குளிரும் பாதியாகிவிடும்.

கூரை ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் ஞானேஸ்வரி தானே கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். டைல் கடைக்கு நாலு கடை தள்ளி, கூரைச் சாமான் விற்கிற கடையில் பாயிஸா என்ற பெண் இருந்தாள். புருஷன் லொறியோடு போய்விட்டால் கடை அவள் கையில். இன்சுலேஷன் ரோல் ஒன்றை இழுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது, மறுபக்கம் மெத்தை மாதிரி கை அமுங்கியது.

"ஒங்கட ஊருக் குளிருக்கு இது இல்லாமெ தகரம் போடவே ஏலாது தங்கச்சி," என்றாள் பாயிஸா. "எங்கட ஊட்டுக்கும் இதுதான் போட்டீக்கி. ஆனா ஒண்ணு, தகரம் அடிக்கிறதுக்கு முந்தி கீழால விரிச்சிரணும். அடிச்சதுக்குப் பொறகு வந்து நிக்க வாணாம்."

கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டியும் கொடுத்தாள். ஞானேஸ்வரி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வருகிற வழியெல்லாம் திறந்து திறந்து தொட்டுப் பார்த்தாள். மகளுக்குப் புதுச் சட்டை வாங்கின நாளில்கூட அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

பழனியாண்டி அந்தத் துண்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்தான்.

"சாக்கு."

"சாக்கு இல்லீங்க. இன்சுலேஷன்னு சொல்றாங்க. தகரத்துக்கு அடியில..."

"தகரத்துக்கு அடியில எதக் கட்டினாலும் அது சாக்குத்தான். வெள்ளி பூசிட்டா சாக்கு இல்லேன்னு ஆயிருமா? நான் பொறந்ததுலருந்து அண்ணாந்து பாத்தா சாக்கு. கல்யாணம் கட்டி ஒங்க வீட்டுக்கு வந்து பாத்தா அங்கயும் சாக்கு. என் வீட்டுலயும் வந்து சாக்கக் கட்டச் சொல்றியா?"

"பிள்ளைக்கு இழுக்குதுங்க. அதுக்குத்தானே வீடே கட்டுறோம்."

"கண்டியில எந்தப் பங்களாவுலயாச்சும் சாக்கு கட்டிப் பாத்திருக்கியா நீ?"

"பங்களாவுல சீலிங் இருக்கே."

"அது வேற."

"என்ன வேற?"

"அது சீலிங்," என்றான், எல்லாம் தெரிந்தவன் போல. "காசுக்காகச் சொல்றேன்னு நெனக்காத. காசு கெடக்குது. லயத்துப் புத்தி நம்மள விட்டுப் போகணும், அதான்."

லயத்துப் புத்தியாம். அந்தப் புத்திதான் அவனைச் சாகாமல் வளர்த்து டைல் கடை வரைக்கும் அனுப்பி வைத்தது. இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். துண்டை மட்டும் திரும்ப வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டைக் கட்டுகிற கொத்தனார் சுமனபால பாஸிடம் போய் நின்றாள். அந்த மனிதர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "நோனா சொல்றதும் சரி, மாத்தயா சொல்றதும் சரி" என்றார். ஊரில் பழனியாண்டியை, சிங்களத்தில் ஐயா என்கிற மாதிரி, மாத்தயா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காக, தூணை இரண்டு தரம் இடித்துக் கட்டியதற்கும் பழனியாண்டி வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட பாஸ் யார் பக்கம் பேசுவார்?

தகரம் அடிக்கிற நாளைப் பழனியாண்டி நன்றாகப் பார்த்துத்தான் வைத்தான். சுவேந்தினியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாள். ஞானேஸ்வரி பிள்ளையோடு கண்டியிலிருந்து திரும்பி வரும்போது, பஸ் வளைவில் திரும்பியதும் முன் சீட்டுக் கிழவர் ஒருவர், "அடேயப்பா, யாரு வீடு இது? ஜம்முன்னு இருக்கே" என்றார். சிவப்புத் தகரம் வெயிலில் பளபளத்தது. பிள்ளை கை தட்டி, "நம்ம வீடும்மா, நம்ம வீடு" என்று துள்ளியது.  ஞானேஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். வெறுந்தகரம், ஆணி முனைகள், வேறொன்றும் இல்லை. கைப்பையில் அந்தத் துண்டு இன்னும் கிடந்தது.

பால் காய்ச்சுகிற நாளும் வந்தது. விடியுமுன்னே முகூர்த்தம். டைல் கடை முதலாளி இராமநாதன் காரில் வருகிறார் என்று பழனியாண்டி இரவெல்லாம் நிலைகொள்ளாமல் திரிந்தான். தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு பட்டாளம். ஞானேஸ்வரியின் அண்ணன் அழகமுத்து குடும்பத்தோடு இருட்டிலேயே இறங்கி வந்திருந்தான். அவர்களையெல்லாம் பின் வாசல் வழியாக வரச் சொன்னான் பழனியாண்டி. முன் வாசல் டைலில் சேறு படக் கூடாதாம். முன் வாசல் முதலாளிக்கு.

வெளியே பனி மூட்டம் இறங்கி, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. குளிர் தாங்காமல் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, ஹோலுக்குள் அத்தனை பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் ஐயர் ஹோமம் வளர்த்தார். மூன்று கல்லின் மேல் பால் பானை. வெளியே அடுப்பு மூட்ட முடியாததால் தேத்தண்ணிக்கு ஒரு பெரிய அண்டாவும் மூலையில் கொதித்தது. ஆவி மேலே போனது. மூச்சு மேலே போனது. மேலே இருந்ததோ பனியில் ஊறிய வெறுந்தகரம்.

முதல் சொட்டு ஐயரின் முதுகில் விழுந்தது. அவர் மந்திரத்தை விடாமல் தோளைக் குலுக்கிக்கொண்டார். அடுத்தது ஹோமத்தில் விழுந்து சுர்ரென்றது. பிறகு எண்ணுகிற மாதிரி இல்லை. பால் பானையில், பட்டுச் சேலையில், தாம்பாளத்து வெற்றிலையில் என்று பாரபட்சம் இல்லாமல் விழுந்தது. முதலாளி இராமநாதனுக்கு உச்சந்தலையில் முடி கிடையாது. அங்கே விழுந்த சொட்டு, வழிய இடம் தேடி, கண்ணாடி வரைக்கும் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"என்ன பழனி, மழ உள்ளுக்குள்ள பெய்யுது?"

"புதுத் தகரம் முதலாளி. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வேர்க்கும். பொறகு சரியாயிரும்."

தகரத்துக்கு என்ன பல் முளைக்கிறதா, கொஞ்ச நாளில் சரியாக? பொய்யிலும் ஒரு தரம் வேண்டாமா? ஞானேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு பானைக்கு விறகு தள்ளினாள். அவளுக்கு வெட்கமாக இல்லை. உள்ளுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அதை இங்கே மறைப்பானேன்.

அழகமுத்து குடையை விரித்தான். அந்த மனிதனுக்கு இடம், பொருள், ஏவல் எதுவும் தெரியாது. ஹோலுக்கு நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு, "என்னா மச்சான், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு உரச்சாக்கு கொண்டாந்திருப்பேனே" என்றான். சொந்தக்காரர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். முதலாளியின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பழனியாண்டியின் முகம் அவன் கூரைத் தகரத்தின் நிறத்துக்கு வந்தது. முதலாளி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போனார்.

அந்த இரவே சுவேந்தினிக்கு இழுப்பு வந்துவிட்டது. அவளுக்கென்று கட்டிய ரூம், சுவரில் அவளே தேர்ந்தெடுத்த ரோஸ் கலர். படுக்கையில் கை வைத்துப் பார்த்தால் போர்வை நனைந்து கிடந்தது. பிள்ளை உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டி மூச்சுக்குப் போராடியது. ஞானேஸ்வரி பம்ப் மருந்தை வாய்க்குள் அடித்துவிட்டு, காய்ந்த சேலை ஒன்றைச் சுற்றி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணன் காம்பராவுக்கு மேட்டில் ஏறினாள். அங்கே ஒரே காம்பராவில் ஐந்து பேர். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். விடியும்போது பிள்ளைக்கு இழுப்பு இறங்கித் தூக்கம் வந்தது. ஞானேஸ்வரி அண்ணாந்து, கருத்துத் தொங்கிய சாக்கைப் பார்த்துக்கொண்டே அழுதாள். துக்கத்தில் இல்லை. எரிச்சலில்.

அவள் இறங்கிப் போகவில்லை. பழனியாண்டி வந்து கூப்பிட்டான். "மேல எதையாச்சும் கட்டுங்க, வாறோம்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டாள். மறுபடி வந்தான், அதே வார்த்தை. மூன்றாவது தடவை வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"சீலிங் அடிச்சாச்சு. சீலிங்குக்கு மேல வெள்ளிச் சீட்டும் விரிச்சாச்சு, கட்டுகஸ்தோட்டையிலருந்து எறக்கினேன். வந்து பாரு, அசந்து போயிருவ."

ஞானேஸ்வரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். முன் வாசலால் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தாள். உண்மையிலேயே அசந்துதான் போனாள். ஹோல் முழுக்க வெள்ளை வெளேரென்ற சீலிங். நடுவில் பூப்போட்ட வட்டம், அதிலிருந்து விளக்கு. கதவைச் சாத்தியதும் காதுக்குள் பஞ்சு வைத்தது போல ஒரு கதகதப்பு. தூறல் விழுந்துகொண்டிருந்தது, சத்தமே கேட்கவில்லை. இத்தனை நாள் மனதுக்குள் திட்டித் தீர்த்ததையெல்லாம் நினைத்து அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. சொன்னால் கேட்கிற மனுசன்தான், என்ன, மெதுவாகக் கேட்கிறான் என்று எண்ணினாள். எண்ணிக்கொண்டே மகளின் ரூமைத் திறந்தாள்.

வெறுந்தகரம். ஆணி முனைகள். ஒவ்வோர் ஆணி முனையிலும் ஒரு சொட்டு, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க?" என்றாள்.

"எங்க?"

"இந்த ரூமுக்கு?"

பழனியாண்டி அவளை இரக்கத்தோடு பார்த்தான். விவரம் தெரியாத ஆளுக்கு டைல் விளக்குகிற பார்வை அது. "இந்த ரூமுக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா? வர்ற ஆளெல்லாம் ஹோல்லதானே ஒக்காருவாங்க. முதலாளி அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி வாறேன்னு சொல்லியிருக்காரு."

ஞானேஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனிதன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பிள்ளை மூச்சுக்குத் திண்டாடினால் இவன் கண்ணிலும் தண்ணீர் வரும். ஆனால் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் மழை பெய்தாலும் அது இவனுக்கு மழை இல்லை. இவனோடு சண்டை போடுவது வீண் வேலை என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தெளிந்துவிட்டது.

சேலையைத் தூக்கிச் செருகினாள். ஹோலில் கண்ணாடிப் பொலித்தீனைப் பிரிக்காமல் போட்டிருந்த சோபா செட்டியைப் பிடித்து இழுத்தாள். டைலில் அது கிறீச்சென்று கத்தியது.

"ஏய், என்ன செய்ற? டைல் கீறுதுடி!"

அவள் நிறுத்தவில்லை. செட்டி மகளின் ரூமுக்குள் போனது. பின்னாலேயே கதிரைகள் போயின. கண்ணாடி அலுமாரியை மட்டும் அவளால் அசைக்க முடியவில்லை, அது நின்றது. பிறகு மகளின் கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்து, பூப்போட்ட வட்டத்துக்கு நேர் கீழே பூட்டினாள். மருந்துச் சாமானை அலுமாரியில் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, ஈரத் துணியைக் காயப் போட்டாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பழனியாண்டி தூணைப் பிடித்தபடி நின்றான்.

"முதலாளி வந்தா எங்க ஒக்கார வைக்கிறது?"

"செட்டியிலதான். அந்த ரூமுல போட்டிருக்கேன், பாருங்க."

"அங்க சொட்டுமே!"

"கொட குடுங்க," என்றாள்.

அவன் பொரிந்து தள்ளினான். லயத்துப் புத்தி என்றான், மானத்தை வாங்குகிறாள் என்றான், இதற்காகவா ராப்பகலாகப் பாடுபட்டேன் என்றான். அவள் பிள்ளையைக் கட்டிலில் ஏற்றிப் போர்த்திவிட்டாள். கோபித்துக்கொண்டு தன் பெரிய ரூமுக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினான் பழனியாண்டி. பெரிய ரூமில் பெரிய கட்டில், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. மேலே தகரம்.

இரண்டு நாள் வீராப்பாகப் படுத்தான். காலையில் தலைமுடி நனைந்து, தும்மிக்கொண்டு வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை வந்த முதலாளி, கேட் வரைக்கும் வந்து, திறந்திருந்த கதவு வழியாக ஹோலில் கட்டிலையும் கொடியில் தொங்கிய பாவாடையையும் பார்த்துவிட்டு, அவசர வேலை இருக்கிறதென்று அப்படியே திரும்பினார். சிங்கங்கள் இரண்டும் அவர் காருக்கு வழிவிட்டு உட்கார்ந்திருந்தன.

அன்று இரவு பனி கடுமையாக இறங்கியது. விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் பெரிய ரூமின் கதவு மெல்லத் திறந்தது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கி, பாயை இழுத்துக்கொண்டு பழனியாண்டி வந்து நின்றான். அவன் பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது.

"கொஞ்சம் தள்ளிப் படு."

ஞானேஸ்வரி தரையில் போட்டிருந்த தன் பாயைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். அவன் நீட்டிப் படுத்து, கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு, வெள்ளைச் சீலிங்கைப் பார்த்தான். குளிர் விட்டதும் அவன் குரலில் ஓர் இதம் வந்தது.

"லயத்துல நாங்க ஆறு பேரு," என்றான், "இப்பிடித்தான் ஒரே காம்பராவுல ஒட்டிக்கிட்டுப் படுப்போம்."

அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. ஹோல், மூன்று ரூம், குசினி, போர்டிகோ, இரண்டு சிங்கம். அடக்கிக்கொண்டாள். சிரித்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும். கட்டில் பக்கம் திரும்பி மகளின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டாள். அது சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.